தோற்றவர்கள் எங்கே போவார்கள்?

1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் அரசு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டது. நகராட்சிகளில் அதிகாரிகளின் பிடி தளரவேண்டும், ஊர்க்காரியத்தை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாகம் சற்றுக் கெட்டாலும் பரவாயில்லை, மக்கள் அரசியல் பழகட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் இந்து-முஸ்லிம் கலவரம் வெடித்தது.

செவ்வாய்ப்பேட்டை அன்றும் இன்றும் வியாபாரப் பகுதி. தானிய மண்டிகள், லீ பஜார், வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் என்று இன்றைய தலைமுறை அதை அறியும். ஆடி மாதம் பிறந்தால் சேலத்தின் மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் பூச்சாட்டி, கம்பம் நட்டு, கடைசியில் வண்டி வேடிக்கை வரை திருவிழா நீளும். ஊர் முழுவதும் தெருவில்தான் இருக்கும். 1882இல் சண்டைக்கு வித்திட்டதும் தெருதான். செவ்வாய்ப்பேட்டைப் பள்ளிவாசலைத் தாண்டிக் கோயில் ஊர்வலம் மேளதாளத்தோடு போகலாமா, கூடாதா? தொழுகைக்கு இடைஞ்சல் என்றார்கள் முஸ்லிம்கள். பொதுச்சாலையில் நடக்க எவர் அனுமதியும் தேவையில்லை என்றார்கள் இந்துக்கள். நீதிமன்றம் ஒன்று சொல்ல, ஆட்சியர் அலுவலகம் வேறொன்று சொல்ல, ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதுப்புது உத்தரவு எதிர்பார்க்கும் நிலை ஏற்பட்டது. கடைசியில் பள்ளிவாசல் தாக்குதலுக்கு உள்ளானது.

கலவரத்துக்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அப்போது சேலம் நகராட்சி உறுப்பினராக இருந்த இளம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் கலவரத்தைத் தூண்டியவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். கீழ் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. நகராட்சிப் பதவியும் பறிபோனது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், விடுதலை ஆனார். அதோடு நிற்கவில்லை. தம்மைப் பதவிநீக்கியது செல்லாது என்று இந்தியாவுக்கான அரசுச் செயலர்மீதே வழக்குத் தொடுத்தார். 1884இல் அந்த வழக்கும் அவர் பக்கம் தீர்ந்தது. நூறு ரூபாய் நட்டஈடு. ஒரு மாகாண அரசு தன் விருப்பப்படி ஒரு நகராட்சி உறுப்பினரைத் தூக்கியெறிய முடியாது, அவர் தரப்பைக் கேட்டாகவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்ட ஏடுகளில் ஏறியதற்கு இந்தச் சேலத்து வழக்கும் ஒரு காரணம். ‘தென்னிந்தியச் சிங்கம்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

ஊர்வலமும் மேளமும் பற்றிய சட்டம் எங்கே போய் நின்றது? 1883இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, சுந்தரம் செட்டி வழக்கில், ஒரு நிலையை எடுத்தது. பொதுச்சாலையில் ஊர்வலம் போவது எல்லாச் சமயத்தாருக்கும் உள்ள உரிமை. அடுத்தவரின் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது அதைக் குலைக்க அந்த உரிமை இடம்தராது. கலகம் வரும் என்று அஞ்சும் மாஜிஸ்திரேட் தற்காலிகமாக ஊர்வலத்தைத் தடுக்கலாம். ஆனாலும் அவருடைய முதல் கடமை உரிமையைக் காப்பதே, அதை நிறுத்திவைப்பது அல்ல. 1924இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும், வட இந்தியாவில் ஷியா ஊர்வலமும் சுன்னிப் பள்ளிவாசலும் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், கிட்டத்தட்ட இதே வழியைத்தான் பின்பற்றியது. இரு தரப்புக்கும் முழு வெற்றி தராத தீர்ப்பு அது. இரு தரப்பும் மறுநாள் அதே தெருவில் வாழ முடிந்ததற்கு அந்தப் பாதி வெற்றியே காரணம் என்று நினைக்கிறேன்.

சேலம் கலவரத்திலிருந்து சுமார் நூற்று முப்பது ஆண்டுகள் தாண்டி அரபு நாடுகளுக்கு வருவோம். 2010 டிசம்பர் 17 அன்று துனிசியாவின் சீதி பூசீத் என்ற சிற்றூரில் தள்ளுவண்டி வியாபாரி முகம்மது பூஅசீசி தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். பிப்ரவரி 11 அன்று எகிப்தில் முபாரக் பதவி இறங்கினார். அப்போது உலகெங்கும், தமிழ்ப் பத்திரிகைகளிலும்கூட, ஒரே கேள்விதான் எழுந்தது: இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா? இந்தக் கேள்வியே நம்மைத் தவறான வழியில் கொண்டுபோனது என்பது என் துணிபு. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் 1998இல் சுகார்த்தோ வீழ்ந்தபின் தேர்தல்கள் வழியே ஆட்சி மாறி மாறி வந்திருக்கிறது. செனகலிலும் அப்படியே. ஒரு மதத்தின் நூல்களைப் படித்து ஒரு நாட்டின் அரசியல் எப்படிப் போகும் என்று சோதிடம் சொல்ல முடியாது.

இதைவிட நல்ல கேள்வியை அமெரிக்க அரசியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்டெபான் 2000ஆம் ஆண்டிலேயே எழுப்பியிருந்தார். அவர் சொன்னது இரண்டு சகிப்புகள். மத நிறுவனங்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் முடிவுகளை இறைவன் பெயரால் தடுக்கும் அதிகாரத்தைக் கேட்கக்கூடாது. அரசு, மதத்தவர்கள் வழிபடுவதையும் அமைப்பாகத் திரள்வதையும் வன்முறையின்றி அரசியலில் இறங்குவதையும் தடுக்கக்கூடாது. இவை இரண்டும் இருந்தால் போதும்; அரசும் மதமும் பிரான்சில் போலப் பிரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியாவும் இந்தோனேசியாவும் செனகலும் அவருக்குக் கைவசம் இருந்த சான்றுகள். அரசியல் கோட்பாட்டாளர் ராஜீவ் பார்கவா இந்திய மதச்சார்பின்மையைக் கொள்கை வழிப்பட்ட இடைவெளி என்று விளக்கியதும் இதற்கு நெருங்கிய சிந்தனையே: அரசு எல்லா மதங்களிடமிருந்தும் ஒரே அளவு தள்ளி நிற்பதில்லை, தேவைக்கேற்பத் தலையிடுகிறது, தேவைக்கேற்ப விலகுகிறது.

ஸ்டெபானின் இரண்டு சகிப்புகளோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பதைத்தான் அரபு நாடுகளின் அனுபவமும் சேலத்தின் அனுபவமும் எனக்குச் சொல்கின்றன. ஒரு மதச் சச்சரவில், ஒரு தேர்தலில், ஒரு சட்ட விவாதத்தில் தோற்றவருக்குப் போக ஓர் இடம் இருக்கவேண்டும். அது நீதிமன்றமாக இருக்கலாம், அடுத்த தேர்தலாக இருக்கலாம். தோல்வியே முடிவு என்று தெரிந்தால் யாரும் தோற்கச் சம்மதிக்கமாட்டார்கள். கடவுளின் பெயரால் பேசுபவர்களும் சம்மதிக்கமாட்டார்கள், கடவுளை மறுப்பவர்களும் சம்மதிக்கமாட்டார்கள்.

துனிசியாவை எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபர் 23 அன்று நடந்த அரசமைப்பு அவைத் தேர்தலில் ரஷீத் கன்னூஷியின் இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா 217 இடங்களில் 89 பெற்றது. பெரிய கட்சி, ஆனால் பெரும்பான்மை இல்லை. மதச்சார்பற்ற இரு கட்சிகளோடு கூட்டணி ஆட்சி. இந்தக் கூட்டணி வானத்திலிருந்து விழுந்ததல்ல. பென் அலி காலத்தில் நாடுகடந்து வாழ்ந்த இஸ்லாமியரும் இடதுசாரியினரும் தாராளவாதிகளும் 2003இல் பிரான்சில் கூடி, மக்கள் வாக்கே அதிகாரத்தின் ஒரே ஊற்று, பெண்ணுரிமை குறையாது என்று கையெழுத்திட்டிருந்தார்கள். 2005இல் இன்னொரு முறை பேசினார்கள். சிறையும் அகதி வாழ்வும் சேர்த்துவைத்த பழக்கம் அது.

2012 மார்ச்சில் அந்நஹ்தா, புதிய அரசமைப்பில் ஷரியத்தைச் சேர்க்கக் கேட்கமாட்டோம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பெண்ணை ஆணுக்குத் துணைநிற்பவள் என்ற பொருளில் வர்ணித்த ஒரு வரைவுப் பிரிவு வந்தது. 1956 முதல் பலதார மணத்தைத் தடைசெய்த குடும்பச் சட்டத்தில் வளர்ந்த துனிசியப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வரி நீக்கப்பட்டது. 2013 மிகக் கொடிய ஆண்டு. பிப்ரவரியில் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெலாயித், ஜூலையில் முகம்மது பிராஹ்மி என்று இருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாடு பிளவுபடும் தறுவாயில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து பேச்சுவார்த்தைக்கு இழுத்தன. அந்நஹ்தா ஆட்சியைவிட்டு இறங்கியது. 2014 ஜனவரி 26 அன்று அரசமைப்பு 200 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 12 பேர். அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அரசமைப்பின் ஆறாவது பிரிவு படிக்கவேண்டிய ஒன்று. அரசு மதத்தின் காவலன் என்கிறது. அதே மூச்சில் மனச்சான்றின் சுதந்திரத்துக்கும் உறுதி தருகிறது. புனிதமானவற்றைக் காப்போம் என்கிறது. ஒரு முஸ்லிமை இன்னொருவர் மதவிரோதி என்று முத்திரை குத்துவதையும் தடுக்கிறது. தர்க்கப்படி பார்த்தால் இதில் முரண் இருக்கிறது. இரு தரப்பும் தங்கள் வரியைக் காட்டி ‘நாங்கள் தோற்கவில்லை’ என்று சொல்லிக்கொள்ளவே அது அப்படி எழுதப்பட்டது. அரசமைப்பு எழுதுபவர்களிடம் நான் மதிப்பது இந்தத் திறமையைத்தான்.

எகிப்தில் நடந்தது வேறு. 2011-12 நாடாளுமன்றத் தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவத்தின் கட்சியும் சலஃபிகளின் நூர் கட்சியும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தன. 2012 ஜூனில் முகம்மது முர்சி 51.7 சதவீத வாக்கோடு அதிபர் ஆனார். அதற்கு முன்பே உச்ச அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பால் நாடாளுமன்றம் கலைந்துவிட்டது. முபாரக் காலத்து நீதிபதிகள், ராணுவம், சகோதரத்துவம் என்று மூவருமே மற்றவரை நம்பவில்லை. நவம்பர் 22 அன்று முர்சி தம் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அறிவித்தார். தாராளவாதிகளும் தேவாலயங்களின் பிரதிநிதிகளும் அதற்குள் அரசமைப்புக் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் இரவு முழுக்க உட்கார்ந்து வரைவை நிறைவேற்றினார்கள். டிசம்பர் வாக்கெடுப்பில் வாக்களிக்க வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. அவர்களில் 64 சதவீதம் பேர் சரி என்றார்கள். சட்டப்படி வெற்றி. ஆனால் தோற்றவர்களுக்கு நீதிமன்றத்தின் கதவும் அடைபட்டது, பேச்சுவார்த்தையின் கதவும் அடைபட்டது. 2013 ஜூலை 3 அன்று அவர்களில் பலர் ராணுவத்தின் கதவைத் தட்டினார்கள்.

அன்று தொலைக்காட்சியில் ராணுவத் தலைவர் ஜெனரல் சிசி முர்சியை நீக்கிப் பேசியபோது அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களைக் கவனிக்கவேண்டும். அல்-அஸ்ஹரின் தலைமை இமாம், காப்டிக் திருச்சபையின் போப், நூர் கட்சியின் தலைவர்களில் ஒருவர். மதத்தை அரசியலிலிருந்து விலக்க வந்த ஆட்சிக்கவிழ்ப்பு என்று அதை வர்ணித்தவர்கள் இந்தக் காட்சியை மறந்துவிட்டார்கள். சகோதரத்துவத்தை எதிர்த்த சலஃபிகளும் மேடையில் இருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்களில் ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்திருக்கிறது. தேர்தலில் வென்ற கட்சிக்கே தோற்க இடமில்லாமல் போனது.

இந்த இரு நாடுகளின் வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. எகிப்தின் ராணுவம் பெரியது, தொழிற்சாலைகளும் நிலங்களும் வைத்திருப்பது. துனிசியாவின் ராணுவம் சிறியது. துனிசியத் தொழிற்சங்கம் 1946 முதல் வேரூன்றிய ஒன்று. இவற்றோடு, சேலத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று கண்ணில் படும் ஒரு காரணமும் இருக்கிறது: இயக்கமும் கட்சியும் பிரிந்தனவா என்பது.

1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நடந்த மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் ஆயிற்று. பெரியார் தலைமை, அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானம். மதத்தைக் கடுமையாக விமர்சிப்பதும் தேர்தலில் நிற்காமலிருப்பதும் அந்த இயக்கத்தின் வழக்கமாயின. 1949 செப்டம்பர் 17 அன்று அண்ணா தனிக்கட்சி கண்டார். பிரிவுக்கு அன்று சொல்லப்பட்ட காரணங்கள் வேறு. ஆனால் விளைவு இதுதான்: மதத்தைப் பற்றிய கொள்கைப் போர் ஒரு வீட்டிலும், வாக்குக் கேட்பது இன்னொரு வீட்டிலுமாகப் பிரிந்தது. வாக்குக் கேட்ட கட்சி கடவுள் மறுப்பைத் தன் கொடியில் எழுதவில்லை. ஒரே குலம், ஒரே இறைவன் என்ற திருமூலர் வழிக் கருத்தைத் தன் நிலையாகச் சொன்னது. பெரியார் பேசிக்கொண்டே இருந்தார், தி.மு.க. மாரியம்மன் பக்தர்களின் வாக்கையும் வாங்கிக்கொண்டே இருந்தது.

2016 மே மாதத்தில் அந்நஹ்தா தன் பத்தாவது மாநாட்டில் மதப் பரப்புரைப் பணியைக் கட்சியிலிருந்து பிரித்தது. இனி நாங்கள் அரசியல் இஸ்லாம் அல்ல, முஸ்லிம் ஜனநாயகர்கள் என்றார் கன்னூஷி. ஒன்று மதத்தை மறுக்கும் இயக்கத்திலிருந்து வந்த கட்சி, மற்றொன்று மதத்தைப் பரப்பும் இயக்கத்திலிருந்து வந்த கட்சி. எதிரெதிர் திசையிலிருந்து வந்தும் இரண்டும் ஒரே முடிவை எடுத்தன. 1928இல் இஸ்மாயிலியா நகரில் ஹசன் அல்-பன்னா தொடங்கிய முஸ்லிம் சகோதரத்துவம் அந்தப் பிரிவைச் செய்யவில்லை. அதிபர் மாளிகையில் முர்சி இருந்தாலும் முடிவுகள் சகோதரத்துவத்தின் வழிகாட்டும் குழுவில் எடுக்கப்படுகின்றன என்ற சந்தேகம் எகிப்தியரிடம் கடைசிவரை தீரவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். அல்-பன்னா சகோதரத்துவத்தைத் தொடங்கியது துருக்கியில் கலீபா பதவி 1924 மார்ச்சில் ஒழிக்கப்பட்ட நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தக் கலீபா பதவியைக் காக்க இந்தியாவில் எழுந்த கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமையும் கைகோத்த 1920 டிசம்பர் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அதே சேலம் விஜயராகவாச்சாரியார். ஒத்துழையாமையில் அவருக்கே முழு உடன்பாடு இருக்கவில்லை என்பது வேறு. 1931இல் அவர் அகோலாவில் இந்து மகாசபைக்கும் தலைமை ஏற்றார். மதமும் மக்கள் அரசியலும் ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே எத்தனை திசைகளில் கலந்தன என்பதற்கு இவர் ஒரு சான்று. அவர் முதலில் ஈடுபட்ட நகராட்சி வழக்கே எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

சேலம் இன்னொரு முறை சோதனைக்களமானது 1971இல். ஜனவரி 23, 24 தேதிகளில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் ஊர்வலத்தில் ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது. கறுப்புக்கொடி காட்டியவர்கள் பெரியாரை நோக்கி வீசிய செருப்பு அது, அதை எடுத்துத்தான் அடித்தார்கள் என்பது திராவிடர் கழகத்தார் சொல்வது. படங்களே ஆபாசமாக இருந்தன, செருப்பு மாலை போட்டிருந்தது என்பது எதிர்த்தரப்பின் கூற்று. 2020இல் ரஜினிகாந்த் பேசியபோதும் இந்தத் தகராறு மறுபடி எழுந்தது. நடந்தது எதுவாயினும், அது ஆயிரக்கணக்கானோரைப் புண்படுத்தியது என்பதில் ஐயமில்லை. படங்களை வெளியிட்ட ‘துக்ளக்’ இதழைக் கருணாநிதி அரசு பறிமுதல் செய்தது. அது தவறு என்றே சொல்வேன்; தோற்றவர் பேசும் இடத்தை அடைப்பது அது.

மார்ச்சில் தேர்தல். காமராஜரின் பழைய காங்கிரசும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் ஓரணி. சேலம் நகராட்சித் தலைவராக இருந்து பொதுவாழ்வைத் தொடங்கிய ராஜாஜி முதுமையிலும் களத்தில் இருந்தார். சேலத்துச் சம்பவம் ஊர் ஊராகச் சுவரொட்டியானது. முடிவு: தி.மு.க. 234 இடங்களில் 184. பழைய காங்கிரஸ் 15, சுதந்திரா 6. வாக்காளர்கள் ராமரைக் கைவிட்டார்கள் என்று இதற்குப் பொருள்கொள்வது பேதைமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தே பலர் உதயசூரியனுக்குப் போட்டார்கள். அவர்கள் இரண்டையும் வேறுவேறு கணக்கில் வைத்திருந்தார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது தோற்றவர்கள் செய்தது. ‘துக்ளக்’ தொடர்ந்து வந்தது. ராமரைக் காக்கப் படையைக் கூப்பிடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

அதே ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் அறநிலையச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் வந்த தீர்ப்பு, அர்ச்சகர் நியமனம் உலகியல் சார்ந்த வேலை, பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. கூடவே, ஆகமம் குறிப்பிடும் பிரிவைச் சேர்ந்தவர்தான் கருவறையில் பூசை செய்யலாம் என்பதையும் மதித்தது. அரசுக்குப் பாதி, எதிர்த்தவர்களுக்குப் பாதி. 2006இல் புதிய ஆணை, 2015இல் மறுபடி உச்ச நீதிமன்றம், 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகராக நியமனம், அதன்பின்னும் வழக்குகள். ஐம்பது ஆண்டுகளாக இழுக்கிறதே என்று சலிப்பவர்கள் உண்டு. சமத்துவத்தின் பக்கம் நிற்பவன் என்ற முறையில் எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. என்றாலும் இந்த ஐம்பது ஆண்டில் இதற்காக ஓர் ஆட்சி கவிழ்க்கப்படவில்லை.

சிறுபான்மையினர் தரப்பிலிருந்து ஒரு சான்று. காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் இந்திய அரசமைப்பு அவையில் முஸ்லிம் தனிச்சட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்டார், தனித்தொகுதி முறை தொடரவேண்டும் என்று வாதாடினார். தோற்றார். பிரிவினைக்குப் பிந்தைய அந்த நாட்களில் அப்படிப் பேசுவதற்கே துணிவு வேண்டும். தோற்றபின் அவர் விலகவில்லை. 1948இல் சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நடத்தினார். மஞ்சேரியிலிருந்து மும்முறை மக்களவைக்குப் போனார். 1967இல் தமிழ்நாட்டில் தம் கட்சியைத் தி.மு.க. கூட்டணியில் சேர்த்தார். மதத்தின் பெயரில் கட்சி நடத்தியும் இரண்டு சகிப்புகளையும் மீறாமல் இருக்க முடியும் என்று கெய்ரோவில் பலர் நிரூபிக்க முயல்வதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இங்கே நடந்து காட்டினார்.

ஆனால் இந்த ஒப்பீட்டைத் தமிழ்நாட்டின் பெருமையாக மட்டும் படித்தால் அது பொய்யாகிவிடும். தோற்றவருக்கு இடம் வேண்டும் என்கிறேன். ஆட்டத்திலேயே சேர்க்கப்படாதவர் என்ன செய்வார்? 2024 மே மாதம் சேலம் மாவட்டத் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் வழிபட உரிமை கேட்ட பட்டியலினத்தாருக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டு கடைகள் எரிந்தன. கோயில் நுழைவுச் சட்டம் ராஜாஜி காலத்தில் 1939இல் தொடங்கி, 1947இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. சட்டம் வந்து இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கதவு திறக்கக் காவல்துறை நிற்கவேண்டியிருக்கிறது. ஊரில் யார் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கதவு ஒருநாளும் திறக்காது. எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கும் இதே சிக்கல். முபாரக் போனார், ராணுவம் வந்தது, முர்சி வந்தார், மறுபடி ராணுவம் வந்தது. 2011 அக்டோபரில் கெய்ரோவின் மாஸ்பெரோவில் அவர்கள் நடத்திய ஊர்வலத்தின்மீது கவச வண்டிகள் ஏறியபோது அவர்களுக்கு எந்தத் தேர்தலும் உதவவில்லை. வாக்குச் சீட்டால் மட்டும் தீராத இடங்களில் எவருக்கும் தலைவணங்காத நீதிமன்றம் ஒன்று தேவைப்படுகிறது.

துனிசியா தடுக்கி விழுந்ததும் இந்த இடத்தில்தான். 2014இல் அந்நாடு ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. பழைய ஆட்சிக்காரர்களைத் தேர்தலில் நிற்கவிடாமல் தடுக்கும் பிரிவு அவையில் ஒரே வாக்கில் தோற்றது. பென் அலி காலத்தில் நாடுகடந்து வாழ்ந்த கன்னூஷியே அந்தத் தடையை விரும்பவில்லை. ஓராண்டுக்கு முன் லிபியாவில், ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களைச் சூழ்ந்து நிற்க, அப்படியொரு தடைச்சட்டம் நிறைவேறியது. 2014இல் லிபியா உள்நாட்டுப் போரில் விழுந்தது. துனிசியாவில் பழைய ஆட்சிக்காரர்கள் தேர்தலில் வென்றார்கள், அந்நஹ்தா 69 இடங்களோடு தோல்வியை ஒப்புக்கொண்டது. ஆனால் அரசமைப்பு கட்டளையிட்ட ஒன்றை எந்தக் கட்சியும் செய்யவில்லை. தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள் அமைக்கவேண்டிய அரசமைப்பு நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் இஸ்லாமியரும் மதச்சார்பற்றோரும் ஆண்டுக்கணக்கில் இழுபறி செய்தார்கள். எவர் ஆள் வருவார் என்ற கணக்குதான் காரணம். நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத், அரசமைப்பின் 80ஆவது பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். அவர் மதவாதி அல்லர், அரசமைப்புச் சட்டம் கற்பித்த பேராசிரியர். வேலையின்மையாலும் பெருந்தொற்றாலும் நொந்திருந்த மக்களில் பலர் கைதட்டினார்கள். அவர் செய்தது சட்டப்படி சரியா என்று கேட்கப் போகவேண்டிய நீதிமன்றம் இல்லை. 2022இல் உச்ச நீதிக் குழுவைக் கலைத்தார், 57 நீதிபதிகளை ஒரே ஆணையில் நீக்கினார். ஜூலையில் புதிய அரசமைப்பு, வந்து வாக்களித்தவர் சுமார் 30 சதவீதம். அதில் இஸ்லாத்தின் உயர் நோக்கங்களை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு, அரசு மட்டுமே அதைச் செய்யும் என்று எழுதப்பட்டது. இஸ்லாமியக் கட்சி கேட்காமல் விட்டதை, அக்கட்சியை ஒடுக்கியவர் தமக்காக எடுத்துக்கொண்டார். 2023 ஏப்ரலில் கன்னூஷி கைதானார். அக்டோபரில் அவரைத் தீராப் பகையாக எதிர்த்த, இஸ்லாமியரைத் தடைசெய்யவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் முழங்கிய அபீர் மூசியும் கைதானார்.

அடுத்த சோதனை சிரியாவில். 2024 டிசம்பர் 8 அன்று அங்கே அசத் ஆட்சி வீழ்ந்தது. அஹ்மத் அல்-ஷரா தலைமையில் வந்தவர்கள் 2025 மார்ச் 13 அன்று ஐந்தாண்டு இடைக்கால அரசமைப்பு அறிவிப்பை வெளியிட்டார்கள். இஸ்லாமிய நீதியியல் சட்டமியற்றலின் முதன்மை ஊற்று, அதிபர் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்ற வரிகளைச் சுற்றியே உலகப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. அந்த வரிகளின் முதல் பாதியை ஒத்த ஒன்று எகிப்தின் அரசமைப்பில் 1980 முதல் இருக்கிறது. முபாரக் அதை வைத்துக்கொண்டே இஸ்லாமியரைச் சிறையில் அடைத்தார். அதே அறிவிப்பில் வேறொரு பிரிவு இருக்கிறது. உச்ச அரசமைப்பு நீதிமன்றத்துக்கு ஏழு நீதிபதிகள். ஏழு பேரையும் அதிபரே நியமிப்பார். ட்ரூஸ்களும் அலவிகளும் குர்துகளும் கிறிஸ்தவர்களும், அல்-ஷராவோடு உடன்படாத சுன்னிகளும், நாளை ஓர் ஆணையை எதிர்த்து மனு எழுதினால் அதை அந்த ஏழு பேரிடம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.